முத்திரையாக இருந்த சிரசாசனம்

உச்சந்தலையையும் முன்கைகளையும் தரையில் ஊன்றி உடல் முழுவதையும் நேர்க்குத்தாக மேலே நிறுத்தும் சிரசாசனம் இன்று ஆசனங்களின் அரசன் என்று போற்றப்படுகிறது. ஆனால் ஹடயோகத்தின் தலையாய நூல் தரும் ஆசனப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை விளக்கும் 15 ஆசனங்களுள் தலைகீழாக நிற்கும் நிலை எதுவும் காணப்படுவதில்லை. அந்நிலை அந்நூலின் மூன்றாம் அத்தியாயத்தில், முத்திரைகளின் வரிசையில், 'விபரீதகரணி' என்ற பெயரில் வருகிறது. நாட்டியத்திலும் பூசையிலும் விரல்களால் காட்டும் குறிக்கு முத்திரை என்று பெயர். ஹடயோக நூல்களிலோ அச்சொல், உடலுக்குள் ஓடும் உயிர்ச்சாரத்தையும் காற்றையும் அடைத்தும் திருப்பியும் அவற்றின் போக்கை மாற்றும் செயலைக் குறிக்கும். ஆகவே தலைகீழ் நிலை நூல்வழக்கில் நுழைந்தபோது அது உடற்பயிற்சியாகக் கருதப்படவில்லை, உடலின் உள்நீரோட்டத்தை மடக்கும் நுட்பமாகவே கருதப்பட்டது. அதன் பலன்கள் எவை, அதை யார் எவ்வளவு நேரம் செய்யலாம் என்ற இரு கேள்விகளுக்கும் கடந்த எண்ணூறு ஆண்டுகளில் கிடைத்த விடைகளைப் புரிந்துகொள்ள, இந்த இடமாற்றத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஹடயோகம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தலைகீழாகத் தொங்குவது துறவியரின் கடுந்தவங்களுள் ஒன்றாக இருந்தது. பாலி மொழியின் ஜாதகக் கதைத் தொகுப்பு வேற்று மதத் துறவியர் மேற்கொண்ட நோன்புகளைக் கண்டிக்கும் இடத்தில் 'வௌவால் நோன்பு' என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் கருடன் முறித்துச் சென்ற மரக்கிளையில் வாலகில்யர் என்னும் முனிவர்கள் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்துகொண்டிருந்ததாகக் கதை வருகிறது. இத்தவங்களின் நோக்கம் உடலைப் பேணுவதன்று. உடலை ஒறுத்து ஆற்றலோ வீடுபேறோ அடைவதே. தமிழ் மரபில் இவ்வகை நினைவு பத்தியின் வடிவில் நிற்கிறது: கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய காரைக்காலம்மையார் தலையால் நடந்து ஏறினார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் கூறுகிறது. அதை யோகப் பயிற்சியின் சான்றாகக் கொள்வது பொருந்தாது. எனினும், தலையைத் தரையில் ஊன்றுவது இயல்பான உடலொழுங்கை முற்றாக ஒப்புக்கொடுக்கும் செயல் என்ற உணர்வு அம்மையாரின் வரலாற்றிலும் துறவியரின் தவத்திலும் பொதுவாக இருப்பதை மறுக்க இயலாது.

தவமாக இருந்த நிலை உடலைப் பேணும் முறையாக மாறியதற்குக் காரணம், பதினொன்றாம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற ஓர் உடலியல் கொள்கை. வச்சிரயான பௌத்தச் சூழலில் எழுந்த அமிருதசித்தி என்னும் வடமொழி நூல் அதை முதன்முதலில் ஒழுங்காக எடுத்துரைத்தது. அக்கொள்கையின்படி மனிதனின் தலைக்குள் சந்திரன் இருக்கிறது. அதிலிருந்து 'பிந்து' எனப்படும் துளி, அமுதமாக இடைவிடாமல் கீழே சொட்டுகிறது. வயிற்றுப் பகுதியில் இருக்கும் சூரியன் அதை எரித்து உண்டுவிடுகிறது. முதுமையும் சாவும் இந்த இழப்பின் விளைவுகள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சந்திரயோகம், கேசரியோகம் என்னும் பகுதிகளைப் பயின்றவர்களுக்கு இக்கருத்து அயலானதாகத் தோன்றாது. உடலுக்குள் மதியும் கதிரும் இயங்குகின்றன என்பதும், அமுதத்தைக் காக்க வேண்டும் என்பதும் சித்தர் மரபில் ஆழ வேரூன்றிய எண்ணங்கள். அமிருதசித்தி, துளியைக் காக்க மூன்று கட்டு முறைகளைக் கற்பித்ததே அன்றி உடலைத் தலைகீழாக்கச் சொல்லவில்லை. அமுதம் கீழ்நோக்கித்தான் ஒழுகுகிறது என்றால் கீழையே மேலாக்கிவிடலாம் என்ற எளிய முடிவுக்கு வந்தவர்கள் பின்வந்தோர்.

அந்த முடிவை ஹடயோகம் என்ற பெயரோடு சேர்த்து விளக்கிய மிகப் பழைய நூல், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக ஆய்வாளர் கருதும் தத்தாத்ரேய யோகசாத்திரம். தத்தாத்ரேயர் சாங்கிருதி என்னும் முனிவருக்கு உரைப்பதாக அமைந்த இந்நூலில் விபரீதகரணியைப் பற்றிய பகுதி சில சுலோகங்களே கொண்டது. ஆயினும் அளவு, உணவு, கால ஒழுங்கு ஆகிய மூன்றும் அச்சில சுலோகங்களுக்குள் நெருக்கமாக வைக்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது. முதல் நாள் ஒரு கணம் மட்டும் தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்க வேண்டும். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தொடர்ந்து பயில்பவனுக்கு வயிற்றுத் தீ வளரும் என்பதால் அவனுக்கு நிறைய உணவு கிடைக்க வழிசெய்ய வேண்டும். குறைவாக உண்டால் அத்தீ உடலையே எரித்துவிடும். ஆறு மாதங்களுக்குப் பின் தோல் சுருக்கமும் நரையும் மறையும். நாள்தோறும் ஒரு யாமம், அதாவது மூன்று மணி நேரம், பயில்பவன் காலனை வெல்வான். இவற்றுள் நரை மறைவதையும் சாவை வெல்வதையும் இன்றைய வாசகர் சொல்லுக்குச் சொல் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இவ்விரு பலன்களையும் கூறுவதற்கு முன்பே படிமுறையைக் கூறிவிடும் அந்த வரிசை கவனத்திற்குரியது. ஒரு கணத்தில் தொடங்கி மாதக் கணக்கில் ஏறும் அளவுமுறையைத் தவிர்த்துப் பலனை மட்டும் எடுத்துக்கொள்ள அந்நூல் எவருக்கும் இடம் தரவில்லை.

சுவாத்மாராமர் தம் நூலில் இப்பகுதியை ஏறத்தாழ அப்படியே எடுத்தாண்டார். சந்திரனின் அமுதத்தைச் சூரியன் உண்பதாலேயே உடல் மூப்படைகிறது என்ற விளக்கத்தை முன்வைத்து, அதைத் தடுக்கும் செயலைக் குருவின் வாய்மொழியால் அறிய வேண்டுமே தவிர கோடிக்கணக்கான சாத்திரப் பொருள்களால் அறிய முடியாது என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இதை மறைபொருளைக் காக்கும் சடங்குச் சொல்லாக மட்டும் படிப்பது போதாது. கழுத்து எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும், எடை எங்கே விழ வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பனவற்றை எழுத்தில் கற்பிக்க முடியாது என்பதை உணர்ந்த ஆசிரியனின் நேர்மையும் அதில் இருக்கிறது. சிவசம்கிதை தலையைத் தரையில் வைக்கச் சொல்கிறது. 1700-ஐ ஒட்டிய கேரண்டசம்கிதை 32 ஆசனங்களைத் தனியே விளக்கிவிட்டு, தலையைத் தரையில் வைத்துக் கைகளை ஊன்றிக் கால்களை உயர்த்தும் இந்நிலையைப் பின்னரே முத்திரைகளுள் வைக்கிறது. விபரீதகரணி தலைமேல் நிற்பதா, தோள்மேல் நிற்பதா என்ற கேள்விக்குப் பழைய சுலோகங்கள் திட்டவட்டமான விடை தருவதில்லை. தொப்புள் மேலும் அண்ணாக்கு கீழும் இருந்தால் போதும் என்பதே அவற்றின் நிபந்தனை.

இதற்கு இணையாக, அமுதக் கொள்கையோடு தொடர்பில்லாத வேறொரு வழியிலும் தலைகீழ் நிலை வளர்ந்து வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குசராத்தில் வாழ்ந்த சமண ஆசாரியர் ஹேமசந்திரரின் யோகசாத்திர மரபில் இது 'துரியோதனாசனம்' என்றும் 'கபாலீகரணம்' என்றும் வழங்கியது. மற்போர் வீரர்களின் மரபைச் சொல்லும் மல்லபுராணம் என்னும் நூல் பெயர் சுட்டும் ஆசனங்களுள் சீர்ஷாசனமும் ஒன்று. இன்று வழங்கும் பெயர் துறவியரின் மடத்தோடு மல்லர்களின் பயிற்சிக் களத்திற்கும் உரியது என்பதை இது காட்டுகிறது. 1737-இல் ஜயதராமர் எழுதிய ஜோகபிரதீபிகா 84 ஆசனங்களுள் ஒன்றாகக் 'கபாலி ஆசனம்' என்ற பெயரில் தலைநிலையைச் சேர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதி, 122 ஆசனங்களின் ஓவியங்களுக்கிடையே அதை 'நரகாசனம்' என்று அழைத்தது. முத்திரையாக இருந்தது ஆசனமாக எண்ணப்படும் மாற்றம் இவ்வாறு மெல்ல, பல ஊர்களில், பல பெயர்களில் நிகழ்ந்தது.

பெரிய திருப்பம் 1920-களில் வந்தது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள லோனாவ்லாவில் 1924-இல் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், அதே ஆண்டில் தொடங்கிய 'யோக மீமாம்சா' இதழின் வழியே ஆசனங்களையும் கிரியைகளையும் ஆய்வுக்கூடக் கருவிகளின்முன் கொண்டுவந்தார். எக்ஸ்ரே படங்கள் எடுக்கப்பட்டன. சிரசாசனத்தில் நிற்பவரின் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. அமுதம் என்ற சொல்லின் இடத்தில் இரத்த ஓட்டமும் நாளமில்லாச் சுரப்பிகளும் வந்து அமர்ந்தன. குவலயானந்தர் பலன்களில் பெருநம்பிக்கை கொண்டவர். அதே வேளையில் விலக்குகளைச் சொல்லத் தயங்காதவர். காதில் சீழ் வடிபவர்களும், கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலுவிழந்தவர்களும், இரத்த அழுத்தம் இயல்பினின்று மிகவும் விலகியவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். பயிற்சி நேரத்தையும் ஒரு நிமிடத்தின் சிறு பகுதியிலிருந்து தொடங்கச் சொன்னார். பழைய நூலின் 'ஒரு கணம்' என்ற அளவு இங்கே கடிகாரக் கணக்கில் மீண்டும் இடம்பெறுகிறது.

இதே காலத்தில் சிரசாசனத்தைப் பாமரரிடம் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவர், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலாயாவில் மருத்துவப் பணியாற்றிவிட்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர். எளிய ஆங்கிலத்தில் அவர் எழுதிக் குவித்த நூல்களில் சிரசாசனம் நினைவாற்றலை வளர்ப்பது, பிரமச்சரியத்தைக் காப்பது, பலவகை நோய்களையும் தீர்ப்பது என்று அளவு கடந்த புகழுரைகள் இடம்பெற்றன. அப்புகழுரைகள் ஆயிரக்கணக்கான இல்லங்களில் பயிற்சியைத் தொடங்கிவைத்தன என்பது உண்மை. குரு அருகில் இல்லாமல் அஞ்சல்வழியே வந்த புத்தகத்தைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும் வழக்கத்தை அவை வளர்த்தன என்பதும் மறுக்க முடியாதது. ஜவாகர்லால் நேரு சிறையில் நாள்தோறும் சிரசாசனம் செய்ததையும், அது உடலுக்கு நன்மை செய்ததோடு மனத்திற்கும் மலர்ச்சி தந்ததையும் 1936-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் பதிவு செய்தார். இசுரேலின் முதல் பிரதமர் டேவிட் பென்-குரியன் 1957-இல் கடற்கரையில் தலைகீழாக நிற்கும் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. பெல்ஜியத்தின் அரசியாக இருந்த எலிசபெத்துக்கு, எண்பது வயதைக் கடந்திருந்த நிலையில், 1958-இல் பி. கே. எஸ். ஐயங்கார் இந்நிலையைக் கற்பித்தார். புகழ்பெற்றோரின் முதுமையிலும் இயன்ற பயிற்சி என்பதால் அது எல்லோருக்கும் இயல்வது என்ற தவறான எண்ணம் பரவுவதற்கு இத்தகைய படங்களும் செய்திகளும் துணைநின்றன.

ஐயங்காரின் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். 1952-இல் சென்னைக்கு வந்து, 1989-இல் மறையும் வரை இங்கேயே கற்பித்தார். அவர் வழியில் சிரசாசனம் தனித்து நிற்கும் வித்தையாக இருக்கவில்லை. முன்னே ஆயத்தமும் பின்னே எதிர்நிலையும் கொண்ட வரிசையின் நடுவில் அது வைக்கப்பட்டது. எதிர்நிலை என்பது, ஓர் ஆசனம் உடலின் ஒரு பகுதியில் ஏற்றிய அழுத்தத்தைத் தளர்த்துவதற்காக அதற்கு மாறான திசையில் உடலை இயக்கும் நிலை. தலைநிலைக்குப் பின் ஓய்வும், அதன்பின் கழுத்தைத் தளர்த்தும் சர்வாங்காசனமும் என்ற ஒழுங்கு இதிலிருந்து வருகிறது. அவருடைய மகன் தேசிகாச்சார் வழியில் இந்நிலை எல்லோருக்கும் பொதுவான பாடமாக வைக்கப்படாமல், ஆளைப் பார்த்துக் கொடுக்கப்படும் பயிற்சியாகவே இருந்தது. 1966-இல் வெளிவந்த ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா', சிரசாசனத்தின் ஒவ்வொரு மூட்டும் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் படங்களோடு விளக்கியது. நான்காக மடித்த கம்பளி, தோளகலத்தில் ஊன்றிய முழங்கைகள், கோத்த விரல்களாலான கிண்ணத்தில் அமரும் தலை, தொடக்கநிலையினருக்குச் சுவர் ஆகியன இன்று வகுப்புகளில் பொதுவாகிவிட்டமைக்கு அந்நூல் பெருங்காரணம். உயர்ந்த அல்லது தாழ்ந்த இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தம் பயிற்சியை இதைக் கொண்டு தொடங்கக் கூடாது என்றும் அது எச்சரித்தது. பின்னாளில் ஐயங்கார், சுவரில் கட்டிய கயிற்றில் இடுப்பைத் தாங்கித் தலை தரையில் படாமல் தொங்கவிடும் முறையையும் வகுத்தார். கழுத்துக்குச் சுமையே இல்லாத இம்முறை, வடிவத்தில் பழைய வௌவால் நோன்புக்கு அருகிலும் நோக்கத்தில் அதற்கு நேரெதிராகவும் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டு தந்த விளக்கங்களுள் மிகவும் பரவியது, தலைகீழாக நின்றால் மூளைக்கு இரத்தம் மிகுதியாகச் சென்று அறிவு கூர்மையாகும் என்பது. இக்கூற்று எளிமையாக இருப்பதாலேயே நிலைத்துவிட்டது; உடலியலோ இதற்கு முழுத் துணை நிற்கவில்லை. உடலின் இரத்த அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குள் ஏறியிறங்கினாலும் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு பெரிதும் மாறாதபடி மூளையின் நாளங்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் சமன் செய்துகொள்கின்றன. முகம் சிவப்பதும் கண்கள் கனப்பதும், தோலிலும் சிரைகளிலும் இரத்தம் தேங்குவதன் அடையாளங்கள். உண்மையில் நிகழும் மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. கால்களிலும் வயிற்றிலும் தேங்கும் சிரை இரத்தம் தடையின்றி இதயத்திற்குத் திரும்புகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அந்த ஏற்றத்தை உணர்ந்து இதயத் துடிப்பைத் தணிக்கத் தூண்டுகின்றன. வயிற்று உறுப்புகளின் எடை உதரவிதானத்தின்மேல் இறங்குவதால் மூச்சை வெளிவிடுவது எளிதாகி, உள்ளிழுப்பதற்குக் கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. தோள், முன்கை, முதுகு ஆகியவற்றின் வலிமையும் சமநிலை உணர்வும் வளர்வது பயில்பவர் எவரும் உணரக்கூடியது. சுரப்பிகளைத் தூண்டி நோய் தீர்க்கும் என்ற கூற்றுகளை இதே உறுதியோடு சொல்ல இடமில்லை.

தீங்குகளின் பக்கத்தில் அளவீடுகள் தெளிவாக இருக்கின்றன. நிற்கும்போது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குவதற்கென்று அமைந்த ஏழு கழுத்து முள்ளெலும்புகள், தலைநிலையில் மேலிருந்து வரும் உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நன்கு பயின்ற 45 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தலையில் விழும் மிகுதியான விசை உடல் எடையில் 40 முதல் 48 விழுக்காடு வரை இருப்பதையும், மேலேறி இறங்கும் முறைக்கேற்பக் கழுத்தின் சுமை மாறுவதையும் கண்டது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 28 முதல் 34 கிலோ ஆகும். முன்கைகளை முறையாக ஊன்றத் தெரிந்தவர்களிடமே இந்த அளவு என்றால், கைகளின் துணையை இழந்து தலையில் சரிபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைப் பற்றிய அளவீடு சென்னையிலேயே செய்யப்பட்டது: சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, சிரசாசனத்தின்போது விழியினுள் இருக்கும் நீரழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. நலமான கண் அந்த ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது. கண்நீர் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா உள்ளவரின் பார்வை நரம்புக்கு அது ஊறு செய்யக்கூடும். குவலயானந்தர் கண்ணின் நுண்குழாய்களைக் குறித்து எச்சரித்து எண்பது ஆண்டுகள் கழித்து இந்த எண் கிடைத்தது. யோகத்தால் நேரும் காயங்களைப் பற்றி அமெரிக்க இதழாளர் வில்லியம் பிராட் 2012-இல் எழுதிய நூல் எழுப்பிய விவாதத்திற்குப் பின், மேலைநாட்டு வகுப்புகள் பலவற்றில் தலைநிலை கட்டாயப் பாடமாக இருப்பது குறைந்தது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது பயிற்சியின் ஒழுங்கு தானே தெளிவாகிறது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதத்தின் வரலாறு, குளுக்கோமா, விழித்திரைக் கோளாறு, கழுத்தெலும்புத் தேய்மானம், எலும்புப் புரை, நெஞ்செரிச்சலோடு உணவு எதுக்களிக்கும் நோய் ஆகியன உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைத் தவிர்ப்பதே முறை. மாதவிடாய்க் காலத்தில் ஆசிரியர் மரபு இதை விலக்குகிறது. மற்றவர்கள், வெறும் வயிற்றில், முன்கைகளை ஊன்றி இடுப்பை மட்டும் உயர்த்தும் ஆயத்த நிலைகளில் தோள்கள் காதை நோக்கிச் சரியாமல் நிற்கும் வலிமை வந்த பிறகே தலையைத் தரையில் வைக்க வேண்டும். எடையின் பெரும்பங்கை முன்கைகள் ஏற்கும்படி அழுத்துவதும், கால்களை உதறி எறியாமல் முழங்காலை மடித்து மெல்ல ஏற்றுவதும், உச்சியில் நிற்கும்போது கழுத்தைத் திருப்பாமல் இருப்பதும் அடிப்படை விதிகள். கழுத்தில் வலி, கையில் மரமரப்பு, கண்ணில் அழுத்தம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே இறங்க வேண்டும். இறங்கியதும் நிமிர்ந்துவிடாமல், நெற்றியைத் தரையில் வைத்துச் சற்று நேரம் குனிந்திருந்தால் தலைசுற்றல் வராது. எடை எங்கே விழ வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே இன்றும் ஒருமை இல்லை. ஐயங்கார் உச்சந்தலையே தாங்க வேண்டும் என்றார், பிற மரபினர் முன்கைகளே தாங்க வேண்டும் என்கின்றனர். மேற்கண்ட அளவீடுகளை வைத்துப் பார்த்தால், தொடக்கநிலையினருக்கு இரண்டாவது முறையே பொருத்தமானது.

பழைய நூல் குறித்த மூன்று மணி நேர இலக்கை இருபதாம் நூற்றாண்டில் நேரடியாக முயன்றவர்களும் உண்டு. இந்தியாவில் ஹடயோகம் பயின்ற அமெரிக்கர் தியோஸ் பெர்னார்டு 1944-இல் வெளியிட்ட நூலில், சில நொடிகளில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டி அந்த எல்லையை நோக்கிச் சென்ற தம் பயிற்சியை விவரித்தார். இன்றைய ஆசிரியர்கள் பெரும்பாலும் சில நிமிடங்களோடு நிறுத்திவிடுகின்றனர். அமுதம் ஒழுகுவதைத் தடுப்பது நோக்கமாக இல்லாதபோது மணிக்கணக்கில் நிற்பதற்கான காரணமும் இல்லாமல் போகிறது. விபரீதகரணி என்ற பழைய பெயரோ மறைந்துவிடவில்லை. சுவரை ஒட்டிப் படுத்து, இடுப்பின்கீழ் தலையணை வைத்து, கால்களை மட்டும் சுவரில் உயர்த்திச் சாய்த்துக்கொள்ளும் மென்மையான நிலைக்கு அப்பெயர் இன்று பல வகுப்புகளில் வழங்குகிறது. கழுத்தில் எடை விழாமலேயே கால்களின் சிரை இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பும் அந்நிலையைத் தலையால் நிற்க இயலாத முதியவர்களும் நெடுநேரம் நின்று வேலை செய்து கால் வீங்கியவர்களும் பத்து நிமிடம் வரை பயில்கின்றனர்.